ஊட்டி குளிரைத் தாங்கற அழகுப்பனை: நட்டு வளர்க்க முழு வழிகாட்டி

எங்க பக்கம் வழக்கமா நடக்கறது இதுதாங்க. ஏதாவது ஜோலியா மேட்டுப்பாளையமோ கோயமுத்தூரோ இறங்குவோம், திரும்பி வரும்போது ரோட்டோர நர்சரியில பச்சப்பசேல்னு நிக்கற அரேகா பாமையோ ஃபாக்ஸ்டெயில் பாமையோ பாத்துட்டு மனசு கேக்காம வாங்கி, டிக்கியில சாச்சு வச்சு மேல கொண்டாந்துருவோம். ஆடிக் காத்துல இலை கிழியும், ஐப்பசி மழையில மஞ்சளடிக்கும், மார்கழியில ஒரே ஒரு ராத்திரி உறைபனி விழுந்தா போதும், அடுத்த வாரம் மொத்தச் செடியும் காப்பித்தூள் கலர்ல நிக்கும். லவ்டேல் பக்கம் வீடு கட்டி வந்த முதல் 2 வருஷத்துல நான் 3 செடி இப்படிப் பறிகொடுத்தேன். ரொம்ப வேதனையா இருந்துச்சு, ஏன்னா தண்ணி ஊத்தாமயோ கவனிக்காமயோ சாகல, நான் எடத்துக்கு ஒத்துவராத செடிய வச்சதால செத்துச்சு.

அரேகா மடகாஸ்கர் செடி, ஃபாக்ஸ்டெயில் ஆஸ்திரேலியாவோட வடக்கு குயின்ஸ்லாந்து, ராயல் பாம் கியூபா பக்கம். எல்லாமே வெக்கைக்குப் பொறந்ததுங்க. 2,240 மீட்டர் உசரத்துல இருக்கற ஊட்டிக்கு அதுங்கள கொண்டாந்து வாழுன்னா எப்படி வாழும். அதனால இந்த வழிகாட்டியில நான் முதல்ல சொல்றதும் கடைசி வரைக்கும் சொல்றதும் ரெண்டே விஷயம்தான்: உங்க ஊர் உசரத்துக்கு ஏத்த பனைய எடுங்க, எடுத்த பிறகு அதோட குருத்த உசுரு மாதிரி பாத்துக்கோங்க. மீதியெல்லாம் கொஞ்சம் முன்னபின்ன இருந்தாலும் மரம் மன்னிச்சிரும்.

எந்த ஊருக்கு எந்தப் பனை

கூடலூர், பர்லியார், கல்லாறு பக்கம் இருக்கறவங்களுக்கு கவலையே இல்ல, கீழ்நாட்டுல வளர்றது பெரும்பாலும் அங்கயும் வளரும்.

குன்னூர், கோத்தகிரி, அருவங்காடு மாதிரி நடு உசரத்துல இருந்தா கிங் பாம், குயின் பாம், சீன விசிறிப்பனைன்னு சொல்ற லிவிஸ்டோனா, கேனரி ஈச்சை எல்லாம் நல்லா வருது. அதுலயும் கிங் பாம் குயின்ஸ்லாந்து மழைக்காட்டு மரம், குன்னூர் மூடுபனியும் ஈரமும் அதுக்கு ரொம்பப் பிடிக்கும், லேசான பனியையும் தாங்கிக்கும். கேனரி ஈச்சை பாக்க கம்பீரமா இருக்கும், ஆனா விரிஞ்சா 25, 30 அடி எடம் கேக்கும், இலைக்காம்போட அடியில இருக்கற முள்ளு ஊசி மாதிரி விரலுக்குள்ள எறங்கிரும், கொழந்தைங்க ஓடி ஆடற முத்தத்துல தயவுசெஞ்சு வைக்காதீங்க.

ஊட்டி, லவ்டேல், கேத்தி பள்ளம், காந்தல், தலைகுந்தா, அந்தப் பக்கம் கோடைக்கானல் மேல்மலை, இங்கெல்லாம் இருக்கறவங்களுக்கு என்னோட ஒரே பதில் விண்ட்மில் பாம். தாவரவியல் பேரு ட்ராக்கிகார்பஸ் ஃபார்ச்சூனி. நம்ம பனை மாதிரியே விசிறி இலை, ஆனா சின்னதா அழகா இருக்கும், தண்டு முழுக்க பழுப்பு நாரு சுத்தி கம்பளி போத்தின மாதிரி நிக்கும். வளந்த மரம் மைனஸ் 10 டிகிரி குளிரக்கூட தாங்கும்ங்கறப்போ நம்ம ஊர் உறைபனி அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. இன்னொரு பக்கம், கொளுத்தற வெயில் அதுக்கு ஆகாது, சென்னையில இருக்கற சொந்தக்காரங்க ஆசப்பட்டுக் கேட்டா "அங்க வராது"ன்னு சொல்லிருங்க.

இந்த மரத்துக்கும் நம்ம மலைக்கும் ஒரு வகையில உறவு இருக்குன்னு எனக்குத் தோணும். பேருல இருக்கற ஃபார்ச்சூனிங்கறது ராபர்ட் ஃபார்ச்சூன்ங்கற ஆளு, சீனாவுல சூசான் தீவுல இந்தப் பனையப் பாத்து 1849ல லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பி வச்சவரு. அவரேதான் அதே காலத்துல சீனாவுல இருந்து தேயிலைச் செடியையும் விதையையும் இமயமலைப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கொண்டாந்தவரு. சீனாவுல இதோட நாரை எடுத்து கயிறு திரிப்பாங்க, மழைக்கோட்டுகூட பின்னியிருக்காங்க. நம்ம நாட்டுலயே உத்தரகாண்ட் குமாவுன் மலையில இதோட நெருங்கின சொந்தம் ஒண்ணு, தாகில்னு பேரு, பனி பெய்யற எடத்துல காட்டுமரமா நிக்குது.

நம்ம மலைச்சரிவுலயே புல்லுக்காட்டுல சின்ன ஈச்சை இருக்கே, இருளர் மக்கள் அது இலையை வெட்டி மாறு கட்டுவாங்க, அத தோண்டியாந்து வீட்ல வைக்கலாமான்னு கேக்கறவங்க உண்டு. வேண்டாங்க. காப்புக்காட்டுல கை வைக்கறது சட்டப்படி குத்தம், அதோட அது அவங்க பொழப்பு.

எடம் பாக்கறது

ஒரு நாள் மார்கழி காலையில 6 மணிக்கு உங்க தோட்டத்த ஒரு சுத்து சுத்தி வாங்க. எங்க புல்லு வெள்ளையா இருக்கு, எங்க பச்சையா இருக்குன்னு பாத்தாலே பாதி வேலை முடிஞ்சுது. குளிர்ந்த காத்து தண்ணி மாதிரிங்க, கனமா இருக்கும், சரிவுல மெதுவா வழிஞ்சு பள்ளத்துல போய் தேங்கும். மேகமில்லாத, காத்தில்லாத ராத்திரிதான் உறைபனிக்கு ஏத்தது. அதான் பள்ளத்துல வெள்ளை விரிச்சிருக்கும், நாலு படி மேல இருக்கற மேட்டுல ஒண்ணும் இருக்காது. எங்க தோட்டத்துல கீழ் தட்டுக்கும் மேல் தட்டுக்கும் 12 அடிதான் வித்தியாசம், கீழ வச்ச செடி கருகும், மேல வச்சது சிரிச்சிட்டு நிக்கும்.

அதனால நடு சரிவு, இல்லன்னா வீட்டுச் சுவரோரம் நல்லது, பகல்ல வாங்கின வெயில் சூட்ட சுவரு ராத்திரி மெல்ல விடும். காலைல முதல் வெயில் நேரா விழற எடமா இருந்தா பனி உறைஞ்ச இலை சட்டுன்னு உருகி திசு கிழிஞ்சிரும், கொஞ்சம் தாமதமா வெயில் வர்ற எடம் பாருங்க. அடுத்தது காத்து. ஜூன், ஜூலையில மேக்க இருந்து அடிக்கற காத்துல விசிறி இலை நாரு நாரா கிழியும், மரம் சாகாது ஆனா பாக்க பரிதாபமா இருக்கும். கற்பூர மரம்னு நம்ம பக்கம் சொல்ற யூகலிப்டஸ், சீகை மரம்னு சொல்ற வாட்டில், இதுங்க பக்கத்துல வைக்காதீங்க, மண்ணுல இருக்கற தண்ணியெல்லாம் அதுங்களே உறிஞ்சிரும். வீட்டுல இருந்து 6 அடி தள்ளி இருந்தாப் போதும், பனையோட வேரு ஆலமரம் மாதிரி பருத்து சுவத்தைப் பொளக்காது, எல்லா வேரும் பென்சில் தடிமன்லயே இருக்கும்.

செடி வாங்கறப்போ

பெருசா வாங்கணும்னு ஆசப்படாதீங்க, முழங்கால் உசரத்துல விசிறி இலை 4, 5 விட்ட செடிதான் சீக்கிரம் பிடிக்கும். நடுவுல இருக்கற குருத்து நிமிந்து, உறுதியா, பச்சையா இருக்கணும். வெளி இலை ஒண்ணு ரெண்டு பழுத்திருந்தா பரவால்ல, குருத்து வாடியிருந்தா சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க. கவரோட அடிய திருப்பிப் பாத்து வெள்ள வேரு தெரியுதான்னு பாருங்க, கருத்து நாத்தம் அடிச்சா விட்டுருங்க. "இது எந்த ஊர்ல வளந்தது"ன்னு கண்டிப்பா கேளுங்க, கீழ நெழல் வலைக்குள்ள வளந்த செடின்னா மேல வந்ததும் 3 வாரம் வராந்தாவுல வச்சு, கொஞ்சம் கொஞ்சமா வெயில் காட்டி பழக்கிட்டுத்தான் மண்ணுல எறக்கணும்.

குழியும் மண்ணும்

நம்ம மலை மண்ணு செம்மண்ணு, புளிப்பு அதிகம், மழையில சத்தெல்லாம் கரைஞ்சு ஓடிப்போன மண்ணு. தேயிலைக்கு அது பிடிக்கும், பனைக்கு கொஞ்சம் சரிக்கட்டணும். மண் பரிசோதனை பண்ணி பி.எச். 5க்குக் கீழ இருந்துச்சுன்னா தேயிலைத் தோட்டத்துக்கு வாங்கற அதே டோலமைட் சுண்ணாம்புத்தூள், குழிக்கு ரெண்டு கைப்பிடி கலந்து 2, 3 வாரம் விட்டுருங்க, அதுல இருக்கற மெக்னீசியம் பனைக்கு ரொம்ப வேணும்.

குழி 2 அடி ஆழம், 3 அடி அகலம். ஆழத்த விட அகலம் முக்கியம், வேரு பக்கவாட்டுலதான் பரவும். தோண்டினதும் ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்திப் பாருங்க, ஒரு மணி நேரத்துல வடிஞ்சா சரி, வடியாம குட்டை மாதிரி நின்னா அந்த எடத்துல மண்ண மேடு கட்டி அதுமேல நடுங்க. எடுத்த மண்ணு 2 பங்கு, மட்கின தொழுவுரம் இல்லன்னா மண்புழு உரம் 1 பங்கு, பேபி ஜல்லி 1 பங்கு, கூட கால் கிலோ வேப்பம்புண்ணாக்கு. பச்சச் சாணி மட்டும் குழிக்குள்ள வேண்டவே வேண்டாம், சூடு கிளம்பி வேரைப் பொசுக்கிரும்.

நடறதுக்கு சரியான சமயம் ஏப்ரல் கடைசி, மே மாசம். கோடை மழை ஒண்ணு ரெண்டு விழுந்து மண்ணு வெதுவெதுப்பா இருக்கும்போது நட்டா பனி வர்றதுக்குள்ள 6, 7 மாசம் வேரு பிடிக்கும். அக்டோபருக்கு மேல நடாதீங்க, குளிர்ந்த மண்ணுல பனை வேரு தூங்கிரும்.

இப்ப சொல்றதக் கவனமா கேளுங்க. கவர்ல எந்த மட்டத்துக்கு மண்ணு இருந்துச்சோ அதே மட்டத்துக்குத்தான் நடணும். ஒரு இஞ்ச் மேடா இருந்தா இருக்கட்டும், பள்ளமா மட்டும் வேண்டாம். ஆட்டம் காட்டக்கூடாதுன்னு ஆழமா புதைக்கறது எல்லாரும் பண்றது, நானும் பண்ணினேன், அதுக்கு என்ன விலை குடுத்தேன்னு கீழ சொல்றேன். சரிவுல நடறவங்க மேல்பக்கம் அரைவட்டமா கல்லு அடுக்கி, மழைத்தண்ணி சுத்திப்போக சின்னதா ஒரு வாய்க்கா எடுத்துருங்க, இல்லன்னா ஒவ்வொரு மழைக்கும் மேல இருந்து மண்ணு அரிச்சு வந்து செடியோட கழுத்த மூடும். முட்டு குடுக்கணும்னா மூணு பக்கமும் குச்சி ஊனி, தண்டுல சாக்கு சுத்தி கட்டுங்க. ஆணி அடிக்காதீங்க. மாமரம், கொய்யா மாதிரி பனைக்குப் பட்டை கிடையாது, தண்டுல ஒரு தடவ காயம் பட்டா அந்தக் காயம் ஆயுசுக்கும் ஆறாது, அப்படியே நிக்கும்.

தண்ணி, மூடாக்கு

முதல் வருஷம் ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் வாரத்துக்கு 2 தடவ, தடவைக்கு 10 லிட்டர். மழைக்காலத்துல தொடவே வேணாம். ரெண்டாம் வருஷத்துக்கு அப்புறம் ரொம்ப வறண்ட மாசத்துல மட்டும் ஊத்துனா போதும். தண்ணிய வேரடியில ஊத்துங்க, குருத்துக்குள்ள ஹோஸ் பிடிக்காதீங்க, அதுவும் சாயங்காலத்துல. மூடாக்குக்கு சில்வர் ஓக் சருகு அருமையா இருக்கும், எஸ்டேட் ஓரமெல்லாம் கிடக்கும், 3 இஞ்ச் கனத்துக்குப் போட்டு தண்டச் சுத்தி ஒரு சாண் மட்டும் காலியா விடுங்க. கற்பூர மர இலை வேண்டாம்.

உரம், இலை சொல்ற சேதி

நான் வருஷத்துக்கு ரெண்டு தடவதான் போடறேன், ஏப்ரல்ல ஒண்ணு, செப்டம்பர் மழை இடைவெளியில ஒண்ணு. 3 வயசு செடிக்கு மண்புழு உரம் 3 கிலோ, வேப்பம்புண்ணாக்கு கால் கிலோ, சல்ஃபேட் ஆஃப் பொட்டாஷ் 50 கிராம், எப்சம் உப்பு 50 கிராம், எல்லாத்தையும் இலை நெழல் விழற வட்டத்துல தூவி லேசா கிளறி விடணும், தண்டுகிட்ட கொட்டக்கூடாது. விறகடுப்புச் சாம்பல் இருந்தா ரெண்டு கை அதுவும் நல்லது. அக்டோபருக்கு அப்புறம் யூரியா பக்கமே போகாதீங்க, பிஞ்சா இலை கிளம்பி அதைத்தான் பனி முதல்ல பிடிக்கும்.

இலை மஞ்சளானா உடனே எல்லாரும் உரம் பத்தலன்னு கையில கிடைச்சத கொட்டறாங்க. எந்த இலை, எப்படி மஞ்சள்னு பாத்தா மரமே சொல்லிரும். அடி இலையில, அதாவது வயசான இலையில, ஓரம் மட்டும் பட்டையா மஞ்சளாகி நடு பச்சையா இருந்தா மெக்னீசியம் குறைவு. அதே அடி இலையில ஆரஞ்சு புள்ளி புள்ளியா வந்து நுனி கருகிட்டே உள்ள வந்தா பொட்டாசியம் குறைவு. இது ரெண்டும் பழைய இலையில இருந்து தொடங்கும். புது இலை சுருங்கி, நரம்பு இழுத்த மாதிரி, கருகி வெளிய வந்தா மாங்கனீசு குறைவு, நுனி கொக்கி மாதிரி மடங்கி விரியாம நின்னா போரான். நம்ம மழையில பொட்டாசியமும் மெக்னீசியமும் சீக்கிரம் கரைஞ்சு ஓடிரும்ங்கறதால முதல்ல அதைத்தான் சந்தேகப்படணும். அப்படி மஞ்சளான இலைய அசிங்கமா இருக்குன்னு வெட்டிராதீங்க, மரம் அந்தப் பழைய இலையில மிச்சமிருக்கற பொட்டாஷ எடுத்துத்தான் புதுக் குருத்துக்கு அனுப்பிட்டிருக்கும், நீங்க வெட்டுனா அது அடுத்த இலையில கை வைக்கும்.

குருத்து

மத்த மரத்துக்கு நூறு கிளை, ஆயிரம் மொட்டு. ஒண்ணு போனா இன்னொண்ணு தழையும். விண்ட்மில் பனைக்கு இருக்கறது ஒரே ஒரு வளர்ற எடம், உச்சியில நடுவுல, கட்டைவிரல் அளவுக்கு. அது அழுகுனா மரம் முடிஞ்சது.

நான் நட்ட முதல் விண்ட்மில் பனை ரெண்டு வருஷம் ஜோரா வந்துச்சு. மூணாம் வருஷம் ஜூலையில விடாத மழை, மேல் தட்டுல இருந்து மண்ணு இறங்கி செடியோட கழுத்த மூடியிருக்கு, நான் வேற மூடாக்குன்னு சொல்லி சாணி உரத்த தண்டோட ஒட்டி குவிச்சு வச்சிருந்தேன். ஆழமா நட்டது, மண்ணு மூடுனது, உரம் குவிச்சது, மூணும் சேந்துக்கிச்சு. ஆகஸ்ட்ல வெளி இலையெல்லாம் நல்ல பச்சையாத்தான் இருந்துச்சு, நடுக் குருத்து மட்டும் ஒரு மாதிரி மங்கலா, மினுமினுப்பு இல்லாம இருந்துச்சு. பக்கத்துல தோட்ட வேலை பாத்து ரிட்டையர் ஆன பெரியவர் ஒருத்தர் இருக்கார், கூப்பிட்டுக் காமிச்சேன்.

"குருத்த இழுத்துப் பாத்தியா கண்ணு?"ன்னு கேட்டார்.

"இழுத்தா பிஞ்சிறாதுங்களா ஐயா?"

"நல்ல குருத்து உன் பலத்துக்கு வராது. வந்துச்சுன்னா அது ஏற்கனவே போனது."

ரெண்டு விரல்ல பிடிச்சு மெதுவா இழுத்தார், வெண்ணெயில குத்துன கத்தி மாதிரி சத்தமே இல்லாம வந்துருச்சு. அடிப்பக்கம் பழுப்பா, கொழகொழன்னு, புளிச்ச மாவும் அழுகின முட்டைக்கோசும் கலந்த ஒரு வாடை. எனக்கு கண்ணு கலங்கிருச்சு. அவர் அசரல. கழுத்துல இருந்த மண்ணையும் உரத்தையும் முழுசா தோண்டி ஒதுக்கினார், ஸ்பூன் காம்புல பழந்துணி சுத்தி குருத்துக் குழியில இருந்த அழுகல மெதுவா வழிச்சு எடுத்தார், உள்ள வெள்ளையா உறுதியான சதை தெரியற வரைக்கும். அப்புறம் போர்டோ பசை வச்சு, மழை உள்ள எறங்காம மேல ஒரு தகரத் துண்ட சாய்வா கட்டி, காத்து போக எடம் விட்டார்.

தென்னை வச்சிருக்கறவங்களுக்கு இது புதுசில்ல, குருத்தழுகலுக்கு அங்க பண்றது இதேதான், ஃபைட்டாப்தோராங்கற பூஞ்சாண் மாதிரியான கிருமி குளிரும் ஈரமும் சேர்ற காலத்துல பண்ற வேலை. போர்டோ பசை 10 சதவீதம்னா மயில்துத்தம் 100 கிராம் அரை லிட்டர் தண்ணியில, சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் இன்னொரு அரை லிட்டர்ல, தனித்தனியா கரைச்சு துத்தக் கரைசல சுண்ணாம்புக் கரைசல்ல கொஞ்சங்கொஞ்சமா ஊத்திக் கலக்கணும். பிளாஸ்டிக் பக்கெட்டோ மண் சட்டியோதான், இரும்புப் பாத்திரம் ஆகாது. கலந்த பிறகு பளபளன்னு தேச்ச இரும்புக் கத்திய ஒரு நிமிஷம் முக்கி எடுத்துப் பாருங்க, செம்பு நெறம் படிஞ்சா சுண்ணாம்பு பத்தல, இன்னும் கொஞ்சம் சேருங்க. அன்னிக்கே பயன்படுத்திரணும், கையுறை போட்டுக்கோங்க. நோய் வராம முன்கூட்டியே தெளிக்கறதுக்கு 1 சதவீதம் போதும், லிட்டருக்கு 10 கிராம் துத்தம், 10 கிராம் சுண்ணாம்பு, மழை தொடங்கறதுக்கு முந்தி மே கடைசியில ஒரு தடவ.

அப்புறம் தினமும் போய்ப் பாப்பேன். செப்டம்பர் முழுக்க ஒண்ணுமில்ல. அக்டோபரும் போச்சு. நவம்பர் நடுவுல குழிக்குள்ள வெளிர் பச்சையா ஒரு முனை தெரிஞ்சுது, ஆனா கத்திரிக்கோல்ல நறுக்கின மாதிரி மொட்டையா, பாதி விசிறிதான். பயந்துட்டேன், அப்புறம் புரிஞ்சுது, உள்ள உருவாகிட்டிருந்த இலையோட நுனி அழுகல்ல போயிருந்துச்சு, மீதி பொழச்சு மேல வருது. ரெண்டாவது இலையும் குறைதான், மூணாவது முழு விசிறியா விரிஞ்சுது. அந்த மரம் இன்னிக்கு என் தலைக்கு மேல நிக்குது.

அதுல இருந்து நான் பண்றது ஒண்ணு உண்டு, நீங்களும் பண்ணுங்க. மார்க்கர் பேனா எடுத்து குருத்தையும் அத ஒட்டியிருக்கற இலைக்காம்பையும் சேத்து ஒரே கோடா போடுங்க. ஒரு வாரம், பத்து நாள் கழிச்சுப் பாத்தா குருத்து மேல இருக்கற கோடு மேல ஏறியிருக்கணும். ஏறியிருந்தா உள்ள உசுரு ஓடுது. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் 3 வாரமா அசையலன்னா உடனே கழுத்த சுத்தம் பண்ணி இழுத்துப் பாருங்க. குளிர்காலத்துல அசையாம நிக்கறது சகஜம், அதுக்கு பயப்படாதீங்க.

உறைபனி மாசங்கள்

நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரைக்கும். வளந்த விண்ட்மில்லுக்கு எதுவுமே வேணாம், முதல் 2 குளிர்காலம் சின்னச் செடிக்கும், கிங் பாம் மாதிரி மென்மையானதுக்கும்தான் இந்தப் பாதுகாப்பு. 1848ல மெக்கைவர் உருவாக்கின நம்ம ஊட்டி தாவரவியல் பூங்காவுல பனிக்காலத்துல போய்ப் பாத்திருப்பீங்க, பூச்செடி மேலயெல்லாம் கோத்தகிரி மிலார் செடிய வெட்டி வந்து பரப்பி மூடியிருப்பாங்க. அதே வேலையத்தான் நாமளும் பண்ணணும், மிலார் கிடைக்கலன்னா சணல் சாக்கு. செடியச் சுத்தி 4 குச்சி ஊனி, இலை மேல படாம கூடாரம் மாதிரி சாக்க போத்துங்க, சாயங்காலம் 5 மணிக்குப் போத்தி காலையில 9 மணி வாக்குல வெயில் ஏறினதும் எடுத்துரணும். பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், இலையில ஒட்டி அந்த எடமே முதல்ல உறையும், அதோட பிளாஸ்டிக் ஒழிக்க இத்தனை வருஷமா பாடுபடற மாவட்டம் இது. பெரிய செடின்னா இலையெல்லாம் மேல தூக்கி குருத்தச் சுத்தி சணல் கயிறால தளர்வா கட்டிவிட்டாலே நல்ல பாதுகாப்பு.

வானம் தெளிவா, காத்தில்லாம இருக்கற நாள்ல மதியமே வேரடியில தண்ணி விடுங்க, ஈரமண்ணு பகல் சூட்ட பிடிச்சு வச்சு ராத்திரி விடும். இலை கருகிருச்சுன்னா கை துறுதுறுன்னு வரும், மார்ச் வரைக்கும் வெட்டாதீங்க. கருகின இலையும் குருத்துக்கு ஒரு போர்வைதான். தண்டு மேல இருக்கற நாரையும் உரிக்காதீங்க. எங்க வீட்டு மரத்துல வசந்தத்துல கொண்டைக்குருவி வந்து அந்த நார ஒவ்வொண்ணா இழுத்துட்டுப் போகும், கூடு கட்ட. அது எடுக்கறது போக நிறையவே இருக்கு.

இலை வெட்டறது

முழுசா காஞ்சு தொங்கறத மட்டும். ரெண்டு கையையும் பக்கவாட்டுல நேரா நீட்டி நில்லுங்க, அந்த மட்டத்துக்கு மேல இருக்கற இலைய எப்பவும் தொடாதீங்க. காம்புல ரெண்டு இஞ்ச் விட்டு வெட்டுங்க, கத்திய ஸ்பிரிட்ல துடைச்சிட்டு. காம்போரத்துல சின்னச் சின்னப் பல்லு இருக்கும், முழுக்கை சட்டை போட்டுக்கோங்க.

பூச்சி, காட்டுமாடு

கீழ்நாட்டுத் தென்னைய அழிக்கற சிவப்புக் கூன்வண்டு, காண்டாமிருக வண்டெல்லாம் ஊட்டிக் குளிர்ல எனக்குத் தொல்லை குடுத்ததில்ல, கீழ இருக்கறவங்க கவனமா இருக்கணும். இங்க வர்றது செதில் பூச்சியும் மாவுப்பூச்சியும், ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புத்தண்ணி சேத்து இலையோட அடிப்பக்கம் படற மாதிரி 10 நாளுக்கு ஒரு தடவ அடிச்சாப் போயிரும்.

பெரிய பிரச்சினை நாலு காலுல வர்றதுதான். காட்டுப்பன்றி வேரடியக் கிளறும், முள்ளம்பன்றி இளந்தண்டக் கடிச்சு உள்ள இருக்கற குருத்த தின்னுரும், ஒரே ராத்திரியில கதை முடிஞ்சிரும். சின்னச் செடியச் சுத்தி 3 அடி உசரத்துக்கு கம்பி வலை போட்டு அடிய அரை அடி மண்ணுக்குள்ள புதைச்சு வைங்க. காட்டுமாடு வர்ற வழின்னா அந்த எடத்துல வைக்கவே வேண்டாம், அது சாப்பிட வராட்டியும் உடம்ப உரசிட்டுப் போனாலே செடி சாஞ்சிரும், விரட்டப்போய் நமக்கு ஆபத்து வரக்கூடாது.

தொட்டியில வைக்கறவங்களுக்கு

வாடகை வீடுன்னா தொட்டியே சரி. விண்ட்மில் 5, 6 வருஷம் தொட்டியில தாராளமா இருக்கும், 16 இஞ்ச் தொட்டி, அடியில ஓட்டை, கீழ செங்கல் வச்சு தூக்கி வைக்கணும். வீட்டுக்குள்ளன்னா கென்ஷியா, லேடி பாம், பார்லர் பாம் மூணும் நம்ம குளிருக்கு ஒத்து வரும். ரூம் ஹீட்டர் பக்கத்துல வைக்காதீங்க, காத்து வறண்டு சிலந்திப்பேன் வந்து இலை சாம்பல் பூத்துப் போகும், ஈரத்துணியால வாரம் ஒருக்கா இலைய துடைச்சு விடுங்க. 2, 3 வருஷத்துக்கு ஒரு தடவ ஒரு அளவு பெரிய தொட்டிக்கு மாத்தும்போது வேரக் கலைக்காம, உருண்டையோட அப்படியே தூக்கி வைக்கணும்.

பூவும் விதையும்

நல்லா பிடிச்ச பிறகு, மனசுக்குப் பிடிச்ச எடமா இருந்தா, வருஷத்துக்கு ஒரு அடி வரைக்கும் உசரும். ஒரு கட்டத்துல இலைக்கு நடுவுல இருந்து மஞ்சளா மீன் முட்டை மாதிரி கொத்துக் கொத்தா பூ தள்ளும். இதுல ஆண் மரம் வேற, பெண் மரம் வேற. பூக்கற வரைக்கும் எதுன்னு தெரியாது, அதனால விதை வேணும்னு ஆசைப்படறவங்க மூணு நாலு செடி சேத்து வைக்கறது நல்லது.

பெண் மரத்துல நீலம் பூத்த கருப்புல, அவரை விதை மாதிரி ஒரு பக்கம் குழிஞ்ச காய் வரும். பழுத்ததும் பறிச்சு மேல் தோலு முழுக்க தேச்சுக் கழுவி, 2 நாள் தண்ணியில ஊறப்போடுங்க, தினமும் தண்ணி மாத்தணும். அப்புறம் ஈரமான தென்னை நாருத்தூள்ல அரை இஞ்ச் ஆழத்துல விதைச்சு, 20லிருந்து 25 டிகிரி சூடு இருக்கற எடமா, நம்ம வீட்ல சமையக்கட்டு ஜன்னல் மாதிரி, வச்சுருங்க. முளைக்க ஒரு மாசமும் ஆகும், மூணு மாசமும் ஆகும், கிளறிக் கிளறிப் பாக்காதீங்க. முதல்ல வர்ற இலை விசிறியே இல்ல, ஒத்தையா நீட்டமா அருகம்புல் மாதிரிதான் வரும், விசிறி வர வருஷம் ஒண்ணு ரெண்டு ஆகும். தொட்டியில பேரு எழுதி ஒரு குச்சி குத்தி வைங்க, வீட்ல யாராவது களைன்னு நெனச்சு பிடுங்கிப் போட்டுருவாங்க.